பட்டாணி சூப் நிறத்தில் ஒரு முகம்

ரௌமா
14 செப்டம்பர் 1992

இலாரி,

முதலில் முக்கியமான விஷயம்: தபால்தலையைத் திருப்பி அனுப்பு. இந்தத் தடவை அதன்மேல் பசையை இரண்டு பூச்சாகப் பூசியிருக்கிறேன். வெந்நீரில் போட்டால் முத்திரை மை தோலோடு உரிந்து வந்துவிடும். போன தடவை நீ திருப்பி அனுப்பியதில் பாதி முத்திரை அப்படியே இருந்தது. தபால் நிலையத்து அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்து, "இந்தத் தலைக்கு எத்தனை ஆயுசுப்பா?" என்று கேட்டாள். நான் காது சிவக்க வெளியே வந்தேன்.

இரண்டாவது விஷயம், ராணுவத்திலிருந்து ஓலை வந்துவிட்டது. ஜனவரியில் போயாக வேண்டும். மொட்டைத் தலையோடு பனியில் உருண்டுவிட்டு வருவதற்குள் நம் அமிகா கணினியே வழக்கொழிந்துவிடும். ஆகவே டிசம்பர் கடைசியில் டாம்பரேயில் நடக்கிற டெமோ கூட்டம்தான் நமக்குக் கடைசி வாய்ப்பு. குழுவுக்கு 'ரான்தா' என்று பெயர் வைத்தபோதே நீ சொன்னாய், பாதி மழை பாதி பனி, எதிலும் சேராத பெயர் என்று. மூன்று வருடமாக நாமும் எதிலும் சேரவில்லை. இரண்டு பேரும் இன்னும் நேரில்கூடப் பார்த்ததில்லை. ஒரு தடவையாவது அந்தப் பெரிய திரையில் ஏறிவிட வேண்டும். என் நிரல், உன் படம், கணினியில் தானாக ஓடுகிற நான்கு நிமிட டெமோ. பார்க்கப்போகிறவர்கள் நானூறு பேர், அத்தனை பேரும் தாங்களே வீட்டில் உட்கார்ந்து இதே வேலையைச் செய்கிறவர்கள். கை தட்ட மனமே வராத சனம். ஓட்டும் அவர்கள்தான் போடுவார்கள்.

கோடை முழுக்கச் சட்டகத்தை அடியிலிருந்து மறுபடி எழுதினேன். நீ படம் வரைய நான் எழுதிக்கொடுத்த நிரல், அதன் மெனு, டெமோவை ஓட்டுகிற நிரல், எல்லாம் இனி ஒரே எலும்புக்கூட்டின்மேல் நிற்கும். நீ சேமிக்கிற படம் ஒரு புள்ளிகூட மாறாமல் நேரே டெமோவில் வந்து உட்காரும். 'பொஹ்யா' என்று பெயர் வைத்தேன். அப்பா கேட்டார், "அஸ்திவாரமா? என்ன, வீடு கட்டறியா?" "ஆமாப்பா, சுவர் இல்லாத வீடு." "அப்ப வாடகைக்கு விட முடியாது," என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

கூடவே ஒரு தீ செய்திருக்கிறேன். திரையின் அடியில் பற்றி, கருஞ்சிவப்பாகக் கிளம்பி, மஞ்சளாகி மேலே நக்குகிற தீ. பார்த்தால் கையை இழுத்துக்கொள்வாய். அது அடங்கியதும் திரை நிறைய ஒரு முகம் வரவேண்டும். யார் முகம் என்பது உன் இஷ்டம்.

புதிய டிஸ்க் இதோடு இருக்கிறது. என்னென்ன மாற்றியிருக்கிறேன் என்று அதிலேயே ஒரு கோப்பில் எழுதியிருக்கிறேன். நீ படிக்கமாட்டாய். பரவாயில்லை, திறந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஓஸ்மோ


கொந்தியோமாக்கி
2 அக்டோபர் 1992

ஓஸ்மோ,

தலை இதோ. முத்திரை முழுதாகப் போய்விட்டது. அம்மாவின் காபிக் கோப்பையில் ஊறவைத்தேன். அவளுக்குத் தெரியாது.

அப்பாவின் முகத்தை வரைகிறேன். எஞ்சின் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு பார்க்கிற மாதிரி. ஒரு கன்னத்தில் காலை வெயில். பின்னால் பைன் காடு. அவருக்கு உட்கார்ந்து கொடுக்கப் பொறுமை கிடையாது. அதனால் சரக்கு வண்டி நிற்கிற நேரமாகப் பார்த்து, கீழே தண்டவாளத்தின் ஓரம் நின்று பென்சிலில் கிறுக்கிக்கொண்டு வருகிறேன்.

"இன்னும் மூக்கு முடியலையாடா?"

"பெரிசுப்பா. நேரமாகும்."

"காஜானி போயிட்டு வரேன். அதுக்குள்ள முடிச்சு வை," என்று வண்டியை எடுத்துவிட்டார்.

இப்போது திரையில் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு புள்ளியாக. இடது கண்ணின் கீழே இருக்கிற சுருக்கத்துக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று.

எங்கள் தெருவே ரயில்வேயில் இருக்கும்போது நான் மட்டும் ஏன் மரக்கிடங்கில் பலகை அடுக்குகிறேன் என்று முன்பு கேட்டிருந்தாய். அந்த வேலை எனக்குச் சரிப்படாது. அவ்வளவுதான்.

ஒரு வேண்டுகோள். மெனுவை எங்கே வேண்டுமானாலும் நகர்த்திக்கொள். வண்ணக் கட்டங்களின் வரிசையை மட்டும் என்றைக்கும் மாற்றாதே. கை பழகிவிட்டது.

உன் தீ நன்றாக இருக்கிறது. கொஞ்சம் தற்பெருமை அடிக்கிறது. உன்னைப் போல.

இலாரி


ரௌமா
5 நவம்பர் 1992

இலாரி,

போனில் கூப்பிட்டால் கத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

டிஸ்க் வந்தது. 'ஒரு மாதம் உழைத்தேன், எனக்குத் திருப்தி' என்று மேலே ஒரு துண்டுச்சீட்டு. அப்பாவை வேறு பெருமையாகக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டு திறந்தேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்னிக்கு வியாழக்கிழமைன்னு ஞாபகப்படுத்தறானா?" என்றார். எனக்குப் புரியவில்லை. "பட்டாணி சூப்புடா. சூப்புக்கு மூக்கு முளைச்சிருக்கு." சமையலறையில் அம்மா, எல்லா வீட்டிலும் வியாழக்கிழமை வழக்கம்போல, உண்மையிலேயே பட்டாணி சூப்தான் கிண்டிக்கொண்டிருந்தாள். இரண்டும் ஒரே பச்சை.

உன் சொந்த அப்பாவின் முகம்! அவருக்குப் பின்னால் பைன் காடு காய்ந்த சாணம் மாதிரி பழுப்பாக நிற்கிறது. இதை டாம்பரேயில் போட்டால் நானூறு பேரும் நாற்காலியிலிருந்து விழுந்து சிரிப்பார்கள். அதுதான் உனக்கு வேண்டுமா?

யோசித்துப் பார்த்தேன். ஓவுலு ஊர்க் குழுப் பையன்கள் உன்னைத் தங்கள் பக்கம் இழுக்கப் பார்க்கிறார்கள் என்று காதில் விழுந்தது. நல்ல படம் அவர்களுக்குப் போய்விட்டது, எனக்கு இந்தக் கேலிப்படம், அப்படித்தானே? பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கலாம். ராணுவத்துக்குப் போகிறவன்தானே, இவனை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று நினைத்திருப்பாய். மூன்று வருடமாக உன் ஒவ்வொரு படத்தையும் இங்கே ஊரெல்லாம் காட்டித் திரிந்தவன் நான். எனக்கு இது வலிக்கிறது, இலாரி. சொல்லிவிட்டேன்.

ஓஸ்மோ


கொந்தியோமாக்கி
12 நவம்பர் 1992

ஓஸ்மோ,

உன் தபால்தலையில் பசை இல்லை. பதில் வேண்டாம் என்று அர்த்தம். புரிந்தது. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஓவுலுக்காரர்களுக்கு நான் எதையும் வரையவில்லை. ஒரு புள்ளிகூட.

நிறங்களை வேண்டுமென்றே அப்படி வைத்தேன். கலை என்று ஒன்று இருக்கிறது. உனக்குப் பிடிக்கவில்லை என்றால் படத்தைப் போடாதே. என் அப்பாவைச் சூப் என்று சொல்ல உன் அப்பாவுக்கு உரிமை கிடையாது.

இலாரி


ரௌமா
21 நவம்பர் 1992

இலாரி,

தலையில் பசை இருக்கிறது. மூன்று பூச்சு.

கலை என்று நீ எழுதியதை நான் நம்பவில்லை. மூன்று வருடத்தில் நீ அந்தச் சொல்லைப் பயன்படுத்தி நான் பார்த்ததே இல்லை. 'வேலை' என்றுதான் சொல்வாய். அதனால் உட்கார்ந்து உன் படத்தின் கோப்பைப் பிரித்துப் பார்த்தேன். உனக்கே தெரியும், கோப்பில் நிறம் என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண்தான். எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பதை வண்ணத் தட்டு தனியாகச் சொல்கிறது.

புதிய டிஸ்க்கில் என் தீக்காக நான் ஒன்று செய்திருந்தேன். பழுப்பு வரிசை மஞ்சள் வரிசையை ஒட்டி இருந்தால் தீ ஒரே ஓட்டமாக ஓடும். நடுவில் பச்சை வரிசை குறுக்கே நின்றது. அதனால் இரண்டாவது வரிசையில் இருந்த பழுப்பை மூன்றாவதுக்கும், மூன்றாவதில் இருந்த பச்சையை இரண்டாவதுக்கும் மாற்றினேன். 'வரிசையை மாற்றாதே' என்று நீ எழுதியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஏற்கெனவே மாற்றியாயிற்றே, திறந்ததும் பார்த்துவிட்டுத் திட்டப்போகிறான் என்று நினைத்தேன். நீ திட்டவே இல்லை.

இன்று உன் படத்துக்குப் பழைய தட்டைப் போட்டுப் பார்த்தேன். இலாரி, என்ன சொல்ல? கன்னத்தில் வெயில் அடித்தது. காடு பச்சையானது. கண்ணுக்குக் கீழே அந்தச் சுருக்கம், அதில் ஒரு மனுஷன் முப்பது வருடம் தூக்கம் கெட்டது தெரிந்தது. நீ வரைந்ததிலேயே இதுதான் சிறந்தது. அப்பாவைக் கூப்பிட்டேன். கிட்டே வந்து பார்த்துவிட்டு, "நான் சொன்னத அவன்கிட்ட எழுதிட்டியா?" என்றார். எழுதிவிட்டேன் என்றதும் என்னை முறைத்தார். உன்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். நானும் கேட்கிறேன்.

ஆக, நீ பழைய டிஸ்க்கிலேயே வரைந்திருக்கிறாய், சோம்பேறி, என்று முடித்துவிடலாம். ஆனால் நான் எழுதிய சட்டகம், எந்தப் பதிப்பில் படம் சேமிக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே கோப்பில் பதிந்து வைக்கிறது. பாழாய்ப்போன சட்டகம்.

நான் எதையும் கேட்கவில்லை. 'பழைய டிஸ்க்கில் வரைந்தேன்' என்று ஒரு வரி எழுது. நான் நம்பிவிடுகிறேன். சத்தியமாக.

ஓஸ்மோ


கொந்தியோமாக்கி
29 நவம்பர் 1992

ஓஸ்மோ,

அந்த ஒரு வரியை எழுதி, உறையில் போட்டு, ஒட்டியும்விட்டேன். பிறகு கிழித்துவிட்டேன்.

புதிய டிஸ்க்கில்தான் வரைந்தேன். எனக்குப் பச்சையும் பழுப்பும் ஒன்றுபோலத்தான் தெரியும். சிவப்பும் சில நேரம் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொள்ளும். நீ சூப் என்று எழுதியபோது எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. திரையில் அப்பாதான் இருந்தார்.

சின்ன வயதில் காட்டுக்குப் புவோலுக்கா பறிக்கப் போவோம், பச்சைப் பாசிக்குள் கிடக்கிற சின்னச் சிவப்புப் பழம். எல்லாரும் தூரத்திலிருந்தே பார்த்து ஓடுவார்கள். நான் பாசிக்குள் கையை விட்டுத் தடவித்தான் பழத்தைக் கண்டுபிடிப்பேன். "சோம்பேறி, பாதி வாளிகூட ரொம்பல, அதுலயும் பாதி காய்," என்று அம்மா திட்டுவாள். எல்லாரும் அப்படித் தடவித்தான் பறிக்கிறார்கள், அவர்களுடைய கை வேகம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளி முடித்ததும் ரயில்வேயில் சேர்வதற்குக் கண் பரிசோதனை. அப்பா தொப்பியோடு கூட வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் ஒரு அட்டையைக் காட்டினார். முழுக்க வண்ணப் புள்ளிகள்.

"என்ன எண் தெரியுது?"

"புள்ளிதான் தெரியுது."

"எந்தப் புள்ளி?"

"எல்லாப் புள்ளியும்."

கிண்டல் செய்கிறேன் என்று நினைத்தார் போல. அடுத்த அட்டை, அதற்கடுத்த அட்டை. பிறகு அப்பாவை உள்ளே கூப்பிட்டார். அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சிக்னல் விளக்குகூடவா?" அவ்வளவுதான். அன்றையிலிருந்து இன்றுவரை அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. அவருக்கு என்மேல் கோபமில்லை என்று தெரியும். கோபமாக இருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருக்கும்.

எதையும் இருக்கிற இடத்தை வைத்தே அடையாளம் கண்டு பழகியவன் நான். சிக்னலில் மேல் விளக்கு, கீழ் விளக்கு. உன் நிரலில் இரண்டாவது வரிசை தோல், மூன்றாவது வரிசை மரம். வரிசைக்குள் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் போகிற எட்டுக் கட்டமும் எனக்கு நன்றாகத் தெரியும். அதில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. நீ என் நிறங்களைப் புகழ்ந்து எழுதிய கடிதங்களையெல்லாம் வைத்திருக்கிறேன். அவற்றைப் படிக்கும்போது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சந்தோஷமும் கொஞ்சம் திருட்டு முழியுமாக இருக்கும்.

என் பெயரை எடுத்துவிடு, ஓஸ்மோ. படத்தைப் போட்டுக்கொள், வேறு யார் பெயரையாவது போடு. நிறம் தெரியாதவன் ரான்தாவின் ஓவியன் என்று டாம்பரேயில் ஒருத்தனுக்குத் தெரிந்தால் போதும். அடுத்த மாதம் நாட்டிலுள்ள எல்லா டெமோவிலும் திரையின் அடியில் ஓடுகிற எழுத்து வரியில் அது ஓடும். அவர்களை எனக்குத் தெரியும். நானும் அவர்களில் ஒருத்தன்தானே, கத்துக்குட்டிகளைப் பார்த்து நானும் சிரித்திருக்கிறேன். எனக்கு வேறு எதுவும் கிடையாது. பலகை அடுக்குவதும் இதுவும்தான்.

இலாரி


ரௌமா
6 டிசம்பர் 1992

இலாரி,

இன்று சுதந்திர நாள். ஜன்னலில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றிவைத்துவிட்டு, வீட்டில் எல்லாரும் டி.வி.யில் ஜனாதிபதி மாளிகை விருந்துக்கு யார் என்ன கவுன் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் என் அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று மானிட்டரின் கலர் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினேன். எல்லாம் சாம்பலாகிவிட்டது. பிறகு நீ மூன்று வருடமாக அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒன்றுகூடச் சாகவில்லை. மற்ற குழுக்களின் படங்களையும் திறந்தேன். நாம் வாய் பிளந்து பார்த்தோமே அந்த டிராகன், அது கஞ்சிபோல் ஆகிவிட்டது. எது வால், எது மலை என்றே தெரியவில்லை. கடைசியாக உன் அப்பாவைத் திறந்தேன். பழைய தட்டில் இல்லை, என்னுடைய புதிய தட்டில், அதே சூப். நிறம் போனதும் அவர் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் படத்தில் எதுவுமே தப்பில்லை. நான்தான் பச்சையைத் தாண்டிப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் யோசித்தேன். அந்தத் தட்டில் எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்று ஆரம்பத்தில் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தது யார்? நான்தான். ஆக, 'ஆஹா என்ன நிறம்' என்று நான் மூன்று வருடமாகப் புகழ்ந்ததெல்லாம் என்னையேதான். தற்பெருமைக்காரன் என்று நீ சொன்னது சரியாகத்தான் இருக்கிறது.

வரிசையைப் பழையபடி வைத்துவிட்டேன். தீயை இரண்டு துண்டாக வெட்டி ஒட்ட வேண்டியதாயிற்று, அந்த வயிற்றெரிச்சல் என்னோடு போகட்டும். மெனுவில் ஒன்று சேர்த்திருக்கிறேன். இனி எந்தக் கட்டத்தின்மேல் அம்பை வைத்தாலும் அடியில் அதன் பெயர் எழுத்தில் வரும். இந்த டிஸ்க்கில் இரண்டாவது வரிசையில் ஆறாவது கட்டத்துக்கு 'அப்பாவின் கன்னம்' என்றும், மூன்றாவது வரிசையில் நான்காவதுக்கு 'வியாழக்கிழமை' என்றும் வைத்திருக்கிறேன். மற்றதையெல்லாம் நீ வை. நான் எதற்காகவாவது மறுபடி வரிசையை மாற்றித் தொலைத்தாலும் பெயர் கூடவே நகரும்.

உன் பெயரை எடுக்கமாட்டேன். இதில் மட்டும் நீ சொல்வதைக் கேட்கப்போவதில்லை. 'படம்: இலாரி' என்று வரும். காரணம் என் வாயிலிருந்து வராது. என் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. டிஸ்க் கோளாறு என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

டாம்பரேக்கு வா.

ஓஸ்மோ


கொந்தியோமாக்கி
15 டிசம்பர் 1992

ஓஸ்மோ,

எல்லாக் கட்டத்துக்கும் பெயர் வைத்துவிட்டேன். காட்டுப் பாசி, நனைந்த பலகை, காய்ந்த பலகை, சவுனாக் கல், பழைய கம்பளிக் கையுறை, இப்படி. ஒரு கட்டத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியாமல் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "இது புவோலுக்காடா, பழுத்தது," என்றாள். எதற்காகக் கேட்கிறேன் என்று கேட்கவில்லை. அறையை விட்டுப் போகும்போது என் தலையில் கையை வைத்துவிட்டுப் போனாள்.

பெயர் இருக்கட்டும். காரணம் வேண்டாம்.

வருகிறேன். ஊதா நிறத் தொப்பி போட்டிருப்பேன். ஊதா என்று அம்மா சொல்கிறாள்.

இலாரி


சாக்குலா படைமுகாம்
17 ஜனவரி 1993

இலாரி,

தலையை மழித்துவிட்டார்கள். காது இரண்டும் கதவு திறந்த டாக்சி மாதிரி நிற்கிறது. இங்கே பசை கிடைக்கவில்லை, அதனால் தபால்தலையின்மேல் சோப்பைத் தேய்த்திருக்கிறேன். வேலை செய்கிறதா என்று பார்த்துச் சொல்.

டாம்பரேயில் உன்னிடம் ஒன்றை மறைத்தேன். மூன்று வாரமாக அது நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது. உட்கார்ந்து படி.

அந்தப் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில் கூரையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்ததே மூன்று கண் புரொஜெக்டர், ஒரு கண் சிவப்பு, ஒன்று பச்சை, ஒன்று நீலம். நமக்கு முன்னால் இரண்டாவது குழுவின் படைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது சிவப்புக் கண் செத்துவிட்டது. ஒரே நொடியில். கூடம் முழுக்க "ஓ!" என்று கத்தியது. நீ என் பக்கம் திரும்பி, "என்னடா ஆச்சு, எதுக்குக் கத்தறாங்க?" என்று கேட்டாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் ஆகல, பாத்துக்கிட்டு இரு," என்றேன். ஞாபகம் இருக்கிறதா? திரை கொஞ்சம் மங்கலாக இருக்கிறது, கருவி பழசு போல என்று நீயே சமாதானமும் சொல்லிக்கொண்டாய். ஒருத்தன் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். சரிசெய்ய முடியாது, இப்படியே ஓட்டுவோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னபோது உன்னிடம் நான் வேண்டுமென்றே சத்தமாக என் சார்ஜென்ட்டைப் பற்றிக் கதை அளந்துகொண்டிருந்தேன். அப்போது எனக்குச் சார்ஜென்ட்டே கிடையாது.

நமக்கு முன்னால் வந்த இரண்டு பேரும் காலி. ஒருத்தனுடைய சிவப்பு எழுத்து திரையில் இல்லவே இல்லை. இன்னொருத்தனுடைய சூரிய அஸ்தமனம் குளத்துத் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. பிறகு நம்முடையது. என் தீ வந்தது. கோடை முழுக்க எழுதிய தீ, இலாரி! பாசிபிடித்த தொட்டியில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி இருந்தது. கூடம் சிரித்தது. எனக்கு எழுந்து வெளியே ஓடிவிடலாம் போலிருந்தது. அடுத்து வரப்போவது உன் அப்பா. சிவப்பு இல்லாமல் பழுப்பு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

பச்சையாக வந்தார். அதே பட்டாணி சூப், வீட்டுச்சுவர் அளவுக்கு.

யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கண், அந்தச் சுருக்கம், கன்னத்தில் அந்த வெயில். பச்சை வெயில்தான், ஆனாலும் வெயில். பின்வரிசையிலிருந்து ஒருத்தன் கத்தினானே, "டேய், அது கெரானன்டா! எங்க கடைக்கு எதிர்வீட்டு எஞ்சின் டிரைவர்டா!" என்று. உங்கள் ஊர்க் கடைக்காரரின் மகன். அதற்கப்புறம்தான் தரையில் காலால் உதைத்துச் சத்தம் எழுப்ப ஆரம்பித்தார்கள். கை தட்டத் தெரியாத சனம், காலால் தட்டினார்கள்.

உன்னைத் திரும்பிப் பார்த்தேன். உன் முகம் இருந்த இருப்பில் எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. முடிந்ததும் சாசேஜ் வாங்கலாம் என்று உன்னை வெளியே இழுத்துக்கொண்டு போனதும் அதனால்தான். உள்ளே இருந்தால் எவனாவது சிவப்பைப் பற்றிப் பேசிவிடுவான்.

நான்காவது இடம் எப்படி வந்தது என்று ரயிலடியில் கேட்டாய். இப்போது தெரிந்திருக்கும். அன்றைக்கு அந்தக் கூடத்தில் நானூறு பேரும் கிட்டத்தட்ட உன் கண்ணால்தான் பார்த்தார்கள். அவர்களுக்கு அது பழக்கமில்லை, தடுமாறினார்கள். உன் படம் மட்டும் தடுமாறவில்லை.

மறைத்ததற்குக் கோபப்பட்டால் நியாயம்தான். பசை இல்லாமல் எழுது, புரிந்துகொள்கிறேன்.

ஓஸ்மோ


கொந்தியோமாக்கி
30 ஜனவரி 1993

ஓஸ்மோ,

சோப்பு வேலை செய்கிறது. தலை இதோ, பளபளவென்று.

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது. மரக்கிடங்குக்குப் போய்விட்டேன். நாள் முழுக்க வேலை பார்த்தேன். திரும்பி வரும்போது அந்த ஏணிக்காரனை நினைத்துச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக நடுத்தெருவில் நின்று சிரித்தேன். கடைக்காரர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். டாம்பரேயில் நடந்ததை அவர் மகன் சொல்லியிருப்பான்.

வீட்டுக்கு வந்து, சவுனாவின் நீராவியில் உட்கார்ந்து அப்பாவிடம் உன் கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். என் கண்ணைப் பற்றிய பகுதியையும் விடவில்லை. டாக்டர் அறையை விட்டு வந்த பிறகு நாங்கள் அதைப் பேசுவது இதுதான் முதல் தடவை. அவர் கல்லில் தண்ணீர் ஊற்றினார். ஆவி சீறிக்கொண்டு எழுந்தது.

"நானூறு பேர் முன்னாடி என்னப் பச்சையா காட்டினியா?"

"நான் காட்டலப்பா. விளக்கு போயிடுச்சு."

"முழுப் பச்சையா?"

"அப்படித்தான் ஓஸ்மோ எழுதியிருக்கான். எனக்குத் தெரியல. எனக்கு நீங்களாத்தான் இருந்தீங்க."

மறுபடியும் தண்ணீர் ஊற்றினார்.

"அடையாளம் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. கடைக்காரர் மகன் கத்தினான்."

"அப்ப சரி," என்றார். நகர்ந்து, தான் உட்கார்ந்திருந்த மேல்படியில் எனக்கு இடம் விட்டார்.

இலாரி

தலையைத் திருப்பி அனுப்பு.